கதிர்ச் சிகிச்சையில் உடல் எடையின் பங்கு

மருந்தை உடல் எடைக்குத் தக்கவாறு அளந்து கொடுப்பது மருத்துவ வழக்கம். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் சுகாதார ஊழியரும் முதலில் எடையைத்தான் கேட்கின்றார். ஆனால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற வரும் இரு பெண்களுள் ஒருவர் 36 கிலோவும் மற்றவர் 82 கிலோவும் எடையுள்ளவராயினும், இருவருக்கும் விதிக்கப்படும் கதிர் அளவு பெரும்பாலும் ஒன்றேயாகும். உடலுக்கு வெளியிலுள்ள கருவியிலிருந்து இடுப்புப் பகுதிக்கு 25 தவணைகளில் 45 கிரே. பின்னர்க் கருப்பையினுள் வைக்கப்படும் கதிர் மூலத்தினால் தவணைக்கு 7 கிரே வீதம் 4 தவணைகள், அல்லது இதற்கு ஒப்பான வேறொரு கணக்கு. இதில் எடை எங்கே போயிற்று என்று மாணவன் ஒருவன் கேட்பானாயின், அக்கேள்வி நியாயமானதே.

விடை ‘கிரே’ என்னும் அளவையிலேயே அடங்கியுள்ளது. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை உட்கொள்ளுமாயின் அது பெற்ற கதிர் அளவு ஒரு கிரே எனப்படும். கிலோ என்பது அளவையின் உள்ளேயே இருப்பதால், கதிர் விழும் இடத்திலுள்ள திசு ஒவ்வொரு கிலோவிற்கும் எவ்வளவு ஆற்றலைப் பெறுகின்றது என்பதே இங்குக் கணக்கு. உடல் முழுவதன் எடை அதில் நுழைவதில்லை. விழுங்கிய மருந்து இரத்தத்திற் கலந்து உடலெங்கும் பரவுகின்றது. கதிரோ குறிவைத்த இடத்திலும், அங்குப் போகும் வழியிலும், அதன் அண்டையிலுமே விழுகின்றது.

அந்த அண்டையிலேதான் எடை என்னும் விஷயம் வேறொரு வாயில் வழியே திரும்ப வருகின்றது. கட்டிக்குரிய அளவு மாறாதிருப்பினும், கட்டியை அடுத்துள்ள நலமான உறுப்புகள் பெறும் அளவு ஆளுக்கு ஆள் மாறுகின்றது. உடலின் பருமன், இடுப்பினுள் உள்ள கொழுப்பு, குடலின் கிடை ஆகியவை அதை நிர்ணயிப்பதில் பங்கு கொள்கின்றன.

இந்தியாவிற்கு இது சிறு விஷயமன்று. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் அவ்வாண்டில் ஏறக்குறைய 1,27,000 பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். ஏறக்குறைய 80,000 பேர் இறந்தனர். பலர் அறுவைச் சிகிச்சைக்குரிய கட்டத்தைக் கடந்த பின்னரே மருத்துவமனையை அடைவதால், கதிரே அவர்களுக்குப் பிரதான சிகிச்சையாகின்றது. அவ்வாறு வருபவர்கள் ஒரே வார்ப்பில் அமைந்தவர்களும் அல்லர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 18.7 பேர் எடை குறைந்தவர்களாகவும், 24 பேர் எடை மிகுந்தவர்களாகவும் காணப்பட்டனர். மிகவும் மெலிந்தவரும் மிகவும் பருத்தவரும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பது இன்றைய இந்திய மருத்துவமனையின் இயல்பான காட்சி.

சூடு அன்று

மேலே செல்லுமுன் ஒரு சொல்லைப் பற்றிக் கூறுதல் பொருந்தும். வட இந்தியாவில் இச்சிகிச்சையை மக்கள் ‘சிகாயி’ என்கின்றனர். ஒத்தடம் கொடுத்தல் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் ‘கரண்டு வைத்தல்’ என்பது வழக்கு. இரு சொற்களுமே நோயாளியின் மனத்தில் சூட்டையும் நெருப்பையும் நினைவூட்டுகின்றன. ‘உடம்பு சூடு கண்டுவிட்டது’ என்று எண்ணிக் குளிர்ச்சியான கஞ்சியையும் மோரையும் மட்டும் உண்டு, முட்டை, மீன், பருப்பு முதலியவற்றை விலக்கும் பத்தியம் இதிலிருந்தே பிறக்கின்றது.

உண்மை என்ன? 45 கிரே முழுவதையும் ஒரே கணத்தில் ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தாலும், அதன் வெப்பநிலை ஏறக்குறைய நூற்றில் ஒரு டிகிரியே உயரும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,184 ஜூல் தேவை என்பதைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களையே இக்கணக்கைச் செய்யச் சொல்லலாம். கதிர் திசுவைச் சுடுவதில்லை. உயிரணுவின் கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை அறுக்கின்றது. அறுந்ததைச் சீர் செய்துகொள்ள நலமான உயிரணுக்களுக்குப் புரதமும் ஓய்வும் வேண்டும். பத்தியம் இவ்விரண்டில் முதலாவதைப் பறிக்கின்றது.

இரண்டு மில்லிமீட்டர்

கருப்பைக் கழுத்திற்கு முன்னே சிறுநீர்ப்பையும், பின்னே மலக்குடலும், மேலே பெருங்குடலின் வளைந்த பகுதியும் சிறுகுடலின் மடிப்புகளும் உள்ளன. யோனியின் பின்சுவருக்கும் மலக்குடலுக்கும் இடையே சில மில்லிமீட்டர்த் திசுவே உண்டு. இத்தகைய நெருக்கத்தில் கதிர் மூலத்தை வைத்துக் கட்டியை அழிப்பதும், அண்டையிலுள்ளவற்றைக் காப்பதும் கடினமான வேலை. கதிர் மூலத்திலிருந்து விலகிச் செல்லச் செல்லக் கதிரின் அளவு விரைவாகக் குறைவதே மருத்துவருக்குள்ள பெரிய துணை. சிறிய மூலத்திற்கு இது தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். கருப்பையினுள் வைக்கப்படும் மூலங்கள் ஒரு புள்ளியாக அன்றி ஒரு கோடாக அமைவதால் குறைவு சற்றே மெதுவாயிருக்கும். ஆயினும் விதியின் போக்கு அதுவே.

1898-இல் ரேடியம் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே அது இந்நோய்க்குப் பயன்படலாயிற்று. 1938-இல் வகுக்கப்பட்ட மான்செஸ்டர் முறையில் ‘ஏ’ என்னும் ஒரு புள்ளி குறிக்கப்பட்டது. யோனியின் மேல் மூலையிலிருந்து 2 செ.மீ. மேலே, கருப்பைக் குழலிலிருந்து 2 செ.மீ. பக்கவாட்டில் உள்ளது அப்புள்ளி. மெலிந்தவர்க்கும் பருத்தவர்க்கும் அதே 2 செ.மீ.தான்! 1985-இல் கதிர் அளவைகளுக்கான சர்வதேச ஆணைக்குழு, சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் தனித்தனிப் புள்ளிகளை எக்ஸ்ரே படத்திற் குறிக்கும் முறையை வெளியிட்டது. சிறுநீர்க் குழாயின் நுனியிலுள்ள சிறு பலூனில் 7 கன செ.மீ. திரவத்தை நிரப்பி, அதன் பின்புறத்தைச் சிறுநீர்ப்பைப் புள்ளியாகக் கொள்வர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் வந்த பின்னரே, ஓர் உறுப்பில் மிகுதியான கதிரைப் பெறும் 2 கன செ.மீ. பகுதி எது, அது பெறும் அளவு எவ்வளவு என்று அந்தந்த நோயாளிக்கே உரிய கணக்கு சாத்தியமாயிற்று. எக்ஸ்ரே படத்தைக் கொண்டே திட்டமிடும் மருத்துவமனைகள் நம் நாட்டில் இன்னும் பல உள்ளன.

இந்த 2 கன செ.மீ. பகுதி மலக்குடலில் மொத்தம் 75 கிரேயையும், சிறுநீர்ப்பையில் 90 கிரேயையும் தாண்டலாகாது என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் வரம்பு. இங்குக் கிரே என்பது, தவணைக்கு 2 கிரே வீதம் கொடுத்தால் எவ்வளவுக்குச் சமமோ அவ்வளவு. பெரிய தவணை நலமான திசுவை அதன் எண்ணிக்கைக்கு மிஞ்சித் தாக்குவதால் இவ்வாறு மாற்றிக் கணக்கிட வேண்டியுள்ளது. வெளிச் சிகிச்சையில் மலக்குடல் பெறும் 45 கிரே இம்முறையில் 43 ஆகின்றது. உள் சிகிச்சையில் ஒவ்வொரு தவணையிலும் மலக்குடலின் அப்பகுதிக்கு 4.5 கிரே விழுமாயின், நான்கு தவணைகளுக்கு 27; கூட்டினால் 70. வரம்பிற்குள் உள்ளது. 4.5 என்பது 5.5 ஆகுமாயின், நான்கு தவணைகளுக்கு 37, கூட்டினால் 80. வரம்பு மீறிவிட்டது.

தவணைக்கு ஒரு கிரே வித்தியாசம் எதனால் வரும்? மூலத்திலிருந்து 20 மில்லிமீட்டர் தொலைவிலிருந்த குடற்சுவர் 18 மில்லிமீட்டருக்கு வந்தாலே போதும். இருமடி விதியைக் கொண்டு கணக்கிட்டால், அந்த இரண்டு மில்லிமீட்டர், அதாவது ஒரு நெல்மணியின் அகலம், 4.5-ஐ 5.5 ஆக்கிவிடும். இதனாலேயே மருத்துவர்கள் மூலத்தை வைத்தபின் மெல்லிய துணிப்பட்டியை மடித்து அடைத்து, சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் சில மில்லிமீட்டர் விலக்கி வைக்கப் பெரும்பாடு படுகின்றனர்.

இப்பொழுது அந்த இரு பெண்களையும் மீண்டும் நோக்கலாம். இருவரும் 150 செ.மீ. உயரமுள்ளவர்களாயின், மெலிந்தவரின் உடல் நிறைக் குறியெண் 16, பருத்தவருடையது 36. குடலைத் தாங்கும் சவ்விலும் இடுப்பின் உட்புறத்திலும் உள்ள கொழுப்பு, உறுப்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்து அவற்றை விலக்கி வைக்கின்றது. பருத்தவரிடம் அந்த மெத்தை தடிப்பாக உள்ளது. குடல் மடிப்புகளிற் சில இடுப்பிற்கு வெளியே மேலே தள்ளப்பட்டும் இருக்கும். மெலிந்தவரிடம் மெத்தை இல்லை. குடல் கீழிறங்கிக் கருப்பையின் மேல் சாய்ந்து கிடக்கின்றது. உள் சிகிச்சையைப் பொறுத்தவரை, ஆபத்தின் பக்கம் நிற்பவர் பெரும்பாலும் மெலிந்தவரே.

எனினும் தராசு முள்ளை மட்டும் நம்பிவிட இயலாது. ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்கு முன்பு வயிற்று அறுவை நடந்து குடல் ஒட்டிக் கொண்டிருக்கலாம். ஒருவரின் கருப்பை முன்னோக்கியும் மற்றவருடையது பின்னோக்கியும் சாய்ந்திருக்கலாம். அன்று காலை மலம் கழியாதிருந்தாலும் மலக்குடல் உப்பி மூலத்தை நெருங்கும். எடைக்கும் உறுப்புகள் பெறும் அளவிற்குமுள்ள தொடர்பை ஆராய்ந்த அறிக்கைகள் ஒரே முடிவைக் கூறாமைக்கு இதுவே காரணம். மேலும், படத்தைப் பார்த்துத் திட்டமிடும் இடங்களில், மூலம் ஒவ்வோரிடத்திலும் நிற்கும் விநாடிகளைக் கூட்டியும் குறைத்தும் பௌதிக நிபுணர் வித்தியாசத்தைச் சமன் செய்துவிடுகின்றார். எடையின் தீமை முழுவதும் வெளிப்படுவது, அத்தகைய வசதி இல்லாத இடத்திலேதான்.

அமெரிக்காவில் 404 நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைந்த பெண்களிடையே குடலடைப்பு முதலிய கடுந்தொல்லைகள் மிகுதியாகவும், உயிர் பிழைத்தோர் விகிதம் குறைவாகவும் காணப்பட்டன. அந்த ஆய்வில் எடை குறைந்தோரின் எண்ணிக்கை சிறியது. நோய் முற்றியதனாலேயே எடை குறைந்தோரும் அவர்களில் இருந்திருக்கக் கூடும். ஆகவே அதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாமல், எச்சரிக்கையாகக் கொள்வதே முறை.

வெளிக் கருவியும் உடலின் தடிப்பும்

வெளிச் சிகிச்சையில் நிலைமை மாறிவிடுகின்றது. இங்குச் சங்கடப்படுபவர் பருத்தவர். சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் நிலையத்தில் 1957-இல் நிறுவப்பட்ட கோபால்ட் கருவியைத் தொடர்ந்து, அவ்வகைக் கருவிகள் நாடெங்கும் பரவின. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘பாபாட்ரான்’ அவ்வினத்தைச் சேர்ந்த இந்தியக் கருவியாகும். கோபால்ட்-60-இன் கதிர் தோலின் கீழ் அரை செ.மீ. ஆழத்தில் 100 பங்கு இருக்குமாயின், 10 செ.மீ. ஆழத்தில் ஏறக்குறைய 56 பங்கும், 15 செ.மீ. ஆழத்தில் ஏறக்குறைய 40 பங்குமே எஞ்சும். முன்புறமும் பின்புறமும் எதிரெதிராகக் கதிரைச் செலுத்தினால், வயிற்றின் தடிப்பு 20 செ.மீ. உள்ளவர்க்கு மையத்திலுள்ள அளவைக் காட்டிலும் தோலின் கீழே ஏறக்குறைய எட்டிலொரு பங்கு கூடுதலாக விழும். தடிப்பு 30 செ.மீ. ஆனால் அக்கூடுதல் ஐந்தில் இரண்டு பங்கை எட்டுகின்றது. கட்டி பெறுவது அதே அளவு. வழியிலுள்ள தோலும் தசையும் குடலும் தண்டம் செலுத்துகின்றன. நான்கு புறங்களிலிருந்து கதிரைப் பிரித்துச் செலுத்துவதும், அதிக ஊடுருவலுள்ள நேர்கோட்டு முடுக்கிகளைப் பயன்படுத்துவதும் இதற்குப் பரிகாரம். பத்து செ.மீ. ஆழத்தில் முடுக்கியின் 6 மெகாவோல்ட் கதிர் ஏறக்குறைய 67 பங்கு எஞ்சியிருக்கும்.

பருத்த உடலில் வேறொரு சிக்கலும் உண்டு. நாள்தோறும் நோயாளியை ஒரே நிலையில் கிடத்துவதற்காகத் தோலின் மேல் மையினாலோ பச்சையினாலோ அடையாளம் இடுகின்றனர். கொழுப்பு மிகுந்த வயிற்றில் தோல் இடம் பெயர்கின்றது. நேற்று எலும்பிற்கு நேரே இருந்த அடையாளம் இன்று ஒரு செ.மீட்டருக்கும் அதிகமாகத் தள்ளி நிற்கலாம். அடையாளத்தை நம்பிக் கதிரைச் செலுத்தினால் கட்டியின் ஓரம் தப்பிவிடும். அதற்கஞ்சி வட்டாரத்தைப் பெரிதாக்கினால் குடல் அகப்படும். சிகிச்சைக்கு முன் தினந்தோறும் படமெடுத்து எலும்பையும் உறுப்புகளையும் சரிபார்ப்பதே தக்க வழி.

இவ்வாறு படமெடுத்துச் சரிபார்த்து, கதிரின் செறிவையும் வளைத்துக் கொடுப்பதால் விளையும் நன்மை நம் நாட்டிலேயே நிரூபிக்கப்பட்டுள்ளது. மும்பை டாட்டா நினைவு மருத்துவ மையத்தினர், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காக அறுவை நடந்தபின் கதிர் தேவைப்பட்ட 300 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தனர். 2021-இல் வெளியான முடிவின்படி, மூன்றாண்டுகளில் பிற்காலக் குடல் தொல்லை பழைய முறையில் நூற்றுக்கு 42 பேருக்கும், புதிய முறையில் 21 பேருக்கும் ஏற்பட்டது. தொல்லை பாதியாயிற்று.

சிகிச்சை நடக்கையில் எடை குறைதல்

படமும் திட்டமும் எடுக்கப்பட்ட நாளின் உடலுக்கே கணக்கு பொருந்தும். ஐந்து வாரச் சிகிச்சையில் இரண்டாம், மூன்றாம் வாரமளவில் குடலின் உட்படலம் பாதிக்கப்பட்டு வயிற்றுப்போக்குத் தொடங்குவது சாதாரணம். வாரந்தோறும் செலுத்தப்படும் சிஸ்பிளாட்டின் மருந்தினால் குமட்டலும் சேருகின்றது. உணவு செல்லாது, எடை குறையும். வயிறு மெலிந்து தோலின் அடையாளங்கள் கீழிறங்கும். மெத்தையாயிருந்த கொழுப்பும் கரையும். கணக்கு 50 கிலோ உடலுக்குப் போடப்பட்டிருக்க, மேசைமேற் கிடப்பது 45 கிலோ உடலாகிவிடும். பருத்த பெண்ணின் குடும்பத்தார் ‘இளைத்தது நல்லதே’ என்று மகிழ்வதும் உண்டு. சிகிச்சை நடக்கும் வாரங்கள் உடலை இளைக்கச் செய்வதற்குரிய காலம் அல்ல.

மருந்தின் பக்கத்திலோ எடை நேராகவே கணக்கிற்கு வருகின்றது. சிஸ்பிளாட்டின் உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம் வீதம் கொடுக்கப்படுவது. மேற்கூறிய மெலிந்தவரின் பரப்பு ஏறக்குறைய 1.22 சதுர மீட்டர், மருந்து 49 மில்லிகிராம். பருத்தவருக்குக் கணக்குப்படி 74, ஆயினும் பலர் 70-இல் நிறுத்திவிடுவர். மூன்றாம் கட்ட நோயுள்ள 850 இந்தியப் பெண்களிடம் செய்யப்பட்டு 2018-இல் வெளியான மும்பை ஆய்வில், இம்மருந்தைக் கதிருடன் சேர்த்ததனால் ஐந்தாண்டுகள் நோயின்றி வாழ்ந்தோர் நூற்றுக்கு 44-இலிருந்து 52 ஆக உயர்ந்தனர். ஆகவே குமட்டலுக்கு அஞ்சி மருந்தைக் கைவிடுவதும் தகாது.

கிராமத்தில் பணிபுரியும் செவிலியரும் ஆஷா ஊழியரும் இங்குச் செய்யக் கூடியது அதிகம். வாரத்திற்கொரு முறை, ஒரே தராசில், ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்துக் கொடுக்கலாம். இரண்டு மூன்று கிலோ குறைந்தால் அடுத்த தவணைக்கு முன்பே மருத்துவமனைக்குத் தெரிவிக்கச் சொல்லலாம். வயிற்றுப்போக்கின்போது கீரை, முழுத் தானியம் முதலிய சக்கை மிகுந்தவற்றைக் குறைத்து, குழைந்த சோறு, பருப்பு, முட்டை, தயிர், வாழைப்பழம் என்று சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணச் சொல்வதும், உப்புச் சர்க்கரைக் கரைசலை விடாது கொடுப்பதும் பயனளிக்கும். நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு மருத்துவரின் சொல்லே அளவுகோல்.

மற்றொன்று தண்ணீர். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது குடலை மேலே தள்ளிக் கதிரின் வழியிலிருந்து விலக்கும். ஆகையால் பல மருத்துவமனைகளில், சிறுநீர் கழித்தபின் குறித்த அளவு தண்ணீரைக் குடித்துக் குறித்த நேரம் காத்திருக்குமாறு சொல்கின்றனர். வரிசை நீண்டு, கழிப்பறையும் தொலைவிலிருக்க, பெண்கள் கூச்சத்தினால் தண்ணீரைத் தவிர்த்துவிடுகின்றனர். மெலிந்தவருக்கு இதனால் நேரும் தீங்கு அதிகம். கொழுப்பு செய்யாத காவலைத் தண்ணீராவது செய்ய வேண்டும் அல்லவா?

தவணைகள் தவறுவதும் எடையோடு தொடர்புடையதே. தளர்ந்து வீடு திரும்பியவர் பத்து நாள் கழித்து வருகின்றார். வெளிச் சிகிச்சையும் உள் சிகிச்சையும் சேர்ந்து 56 நாட்களுக்குள் முடிய வேண்டுமென்பது விதி. அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நோயை வெல்லும் வாய்ப்பை நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை குறைக்கின்றது எனக் கணக்கிட்டுள்ளனர்.

குணமான பின்

கதிரால் மலக்குடலுக்கு நேரும் தீங்கு உடனே தெரிவதில்லை. ஆறு மாதம் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள், நோய் நீங்கிக் களைக்கொத்தைக் கையிலெடுத்துவிட்ட பெண்ணுக்கு மலத்துடன் இரத்தம் போகத் தொடங்கலாம். சிறுநீரிலும் அவ்வாறே நிகழலாம். பலர் இதனை மூலநோய் என்று கருதி நாட்டு மருந்து தேடுகின்றனர். வேறு சிலர் புற்றுநோய் திரும்பிவிட்டது என்றஞ்சி எவரிடமும் கூறாது வாடுகின்றனர். இரண்டும் அன்றி, இது கதிரின் பின்விளைவாக இருக்கக் கூடும்; அதற்குச் சிகிச்சையும் உண்டு. ஆனால் கதிர்பட்ட மலக்குடற் சுவர் எளிதில் ஆறாதது. முன்பு கதிர்ச் சிகிச்சை நடந்ததை அறியாத மருத்துவர் அப்புண்ணிலிருந்து திசுவை வெட்டியெடுப்பாராயின், அதுவே துளையாகி மலம் யோனி வழியே கசியும் நிலைமைக்கு இடமளிக்கலாம். எந்த மருத்துவரிடம் சென்றாலும் பழைய சிகிச்சைச் சீட்டைக் காட்ட வேண்டுவது இதனாலேயே. பெற்ற கதிர் அளவு, தவணைகளின் எண்ணிக்கை, முடிந்த தேதி, தொடங்கிய நாளிலும் முடிந்த நாளிலும் இருந்த எடை ஆகிய நான்கும் அச்சீட்டில் எழுதப்பட்டுள்ளனவா என்று வீட்டிற்குச் செல்லும் ஊழியர் முதல் சந்திப்பிலேயே பார்த்து, இல்லையேல் சிகிச்சை நடந்த மருத்துவமனையிலிருந்து எழுதி வாங்கிக் கொள்ளுமாறு சொல்ல வேண்டும்.